மணிக்கட்டும் மணிக்கோவையும்

மணிக்கட்டு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். கடிகாரம் கட்டும் இடம், மருத்துவர் நாடி பார்க்கும் இடம் என்ற அளவில் அதன் பொருள் நமக்கு நிறைவுபெற்று விடுகிறது. சொல்லைப் பிரித்துப் பார்ப்போர் குறைவு. மணி, கட்டு: மணியைக் கட்டும் இடம் என்று அது விரியும். வடமொழியில் அவ்விடத்தைக் குறிக்கும் மணிபந்தம் என்னும் சொல்லும் இதே அமைப்பை உடையது. எது எதற்கு மூலம் என்னும் வழக்கில் நாம் இறங்கப் போவதில்லை. உடலின் ஓர் இடத்துக்கு அங்கே கட்டும் பொருளைக் கொண்டு பெயரிடும் அளவுக்குக் கையில் மணி கட்டும் வழக்கம் பழமையும் பரப்பும் உடையதாய் இருந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

நம்மைச் சூழ்ந்து வழங்கும் மலாய்மொழியை நோக்கினால் இன்னொரு காட்சி தெரியும். அங்கே மணிக்கு மானிக் என்று பெயர், வளையலுக்குக் கெலாங். ஒரு வளையலை எண்ணிச் சொல்லும்போது உத்தாஸ் என்னும் அளவுச்சொல்லைச் சேர்ப்பர். கயிறு, சங்கிலி முதலிய நீண்ட, கோத்த பொருள்களுக்கு உரிய சொல் அது. கெலாங் என்பது ஆசுத்திரோனேசிய மொழிக்குடும்பத்தின் பழஞ்சொற்களுள் ஒன்று. அதன் உறவுச் சொற்கள் தீவுதோறும் கிடைக்கின்றன. மானிக் என்பதோ கடல் கடந்து வந்த சொல். மணி என்பதோடு அதற்குள்ள உறவு வெளிப்படை. வளையலும் அதை எண்ணும் முறையும் இம்மண்ணில் முன்பே இருந்தன. மணி பின்னர்க் கப்பலேறி வந்து அந்த நூலில் ஏறியது என்று சொற்கள் நமக்குக் குறிப்புக் காட்டுகின்றன. சங்கிலும் எலும்பிலும் விதையிலும் செய்த கோவைகள் அதற்கு முன்னும் இங்கு உண்டு என்பதை மறவாமல் இக்குறிப்பை ஏற்கலாம்.

மணிக்கோவை ஒன்று இருமுறை செய்யப்படுகிறது. முதன்முறை உலைக்களத்தில் அல்லது கல்லறுக்கும் பட்டறையில். அங்கே மணி பிறக்கிறது. இரண்டாம் முறை வீட்டில்; அங்கே கோவை பிறக்கிறது. முதற்பாதியைப் பற்றி நூல்கள் உண்டு, அகழாய்வு அறிக்கைகள் உண்டு, ஆய்வுக்கூட அளவீடுகள் உண்டு. இரண்டாம் பாதியைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. காரணம் எளிது. கண்ணாடி இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தாலும் கண்ணாடியாகவே கிடக்கும். நம் ஈர மண்ணில் பருத்தி நூல் சில ஆண்டுகளில் மட்கிப்போகும். நூலோடு, அதில் மணியை ஏற்றிய கையின் சான்றும் போய்விடுகிறது. அந்த இரண்டாம் பாதியை எவ்வாறு மீட்டறிவது என்பதே இவ்வுரையின் நோக்கம். அதற்கு முதற்பாதியைச் சற்றுக் கண்டுவர வேண்டும்.

உலைக்களத்தில் பிறந்த மணி

புதுச்சேரிக்கு அருகே ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். உரோமானிய நாட்டுத் தொடர்பைக் காட்டும் மட்கலங்கள் கிடைத்ததால் அவ்வூர் உலகப்புகழ் பெற்றது. பாடநூல்கள் இன்றும் அம்மட்கலங்களையே முதலில் பேசுகின்றன. நம் கடற்பகுதிக்கு அவற்றினும் முதன்மையானவை அங்கே செய்யப்பட்ட மணிகள். சூதுபவளம், படிகம், செவ்வந்திக்கல் ஆகியவற்றை அறுத்துத் துளையிட்ட மணிகள் ஒரு வகை. கண்ணாடியில் செய்த சிறுமணிகள் இன்னொரு வகை. மணிகளைத் துளையிடும் கைவினைஞருக்குத் தமிழில் தனிப்பெயரே இருந்தது. குயினர் என்னும் அச்சொல் மதுரைக்காஞ்சியில் வருகிறது. குயிலுதல் என்றால் துளைத்தல் என்று இன்றைய மாணவரிடம் சொன்னால் வியப்பர். அவர்களுக்குத் தெரிந்தது பறவை மட்டுமே.

கண்ணாடி மணிக்குத் துளையிட வேண்டியதில்லை. அது துளையோடு பிறக்கிறது. அந்த முறை வியப்புக்குரியது. நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைத் திரளாகச் சேர்த்து, உருட்டிக் கூம்பாக்கி, அதன் நடுவே வெற்றிடம் அமையுமாறு செய்வர். அத்திரள் உலைக்குள் சூடாகவே இருக்க, மறுபக்கம் நிற்பவர் அதன் நுனியைக் கொக்கியால் பற்றி இழுத்துக்கொண்டே போவார். நடுவெற்றிடமும் உடன்நீண்டு, கண்ணாடி மெல்லிய குழலாக வெளிவரும். குழலைத் துண்டு துண்டாக நறுக்கினால் கூர்விளிம்புடைய சிறு உருளைகள் கிடைக்கும். அவற்றைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவர். விளிம்பு உருண்டு மழுங்கும்; துளைக்குள் புகுந்த சாம்பல் துளை அடைபடாமல் காக்கும். ஆந்திர மாநிலத்தில் உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை நம் காலம் வரை தொடர்ந்து வந்தமையால்தான் இவ்வளவு விளக்கமாக நம்மால் சொல்ல முடிகிறது. மண்ணில் கிடைத்த மணி காட்டாத அசைவை வாழும் கை காட்டியது.

இவ்வாறு இழுத்துச் செய்த, பெரும்பாலும் ஐந்தாறு மில்லிமீட்டருக்குள் அடங்கும் ஒரே நிற மணிகளுக்கு இந்திய-பசிபிக் மணிகள் என்று பீட்டர் பிரான்சிசு பெயரிட்டார். அவருடைய ஆய்வுகளின் தொகுப்பாக ஆசியக் கடல்வழி மணி வணிகம் பற்றிய நூல் 2002இல் வெளிவந்தது. மணி வணிகத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்நூலைத் தவிர்க்க இயலாது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை தொடங்கிக் கொரியா வரை இம்மணிகள் கிடைத்துள்ளன. செம்பு கலந்த செங்காவி, வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்து தரும் மஞ்சள், நீலம், பச்சை, கருமை எனச் சில நிறங்களே திரும்பத் திரும்ப வரும். நம் கையில் ஒன்று கிடைத்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம்: உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிகளும் நிறக்கீற்றுகளும் துளைக்கு இணையாக நீண்டிருந்தால் அது இழுத்த மணி, துளையைச் சுற்றி வளைந்திருந்தால் கம்பியில் சுற்றிச் செய்த மணி. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியிலும் செய்யத்தக்க சோதனை இது.

இனி நம் கரைக்கு வருவோம். பேராக் மாநிலத்தின் மாத்தாங் சதுப்புக்காட்டுப் பகுதியில் உள்ளது கோலா செலின்சிங். ஐவர் எவன்சு 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் அங்கு ஆய்வு செய்தார். அலையாத்திக் காட்டின் நடுவே, சிப்பி ஓடுகள் குவிந்த மேடுகளில் மக்கள் வாழ்ந்த இடம் அது. மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. சிறீ விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பொறித்த சூதுபவள முத்திரை ஒன்றும் கிடைத்தது. சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன மணிகளும் கண்ணாடிக் கழிவும் அங்கேயே மணி செய்தனர் என்பதைக் காட்டுகின்றன. கெடாவின் சுங்கை மாசிலும் இத்தகைய சான்றுகள் உண்டு. அரிக்கமேட்டுக் கைவினைஞரோ அவர்தம் தொழில்முறையோ இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குலோங் தோம், வியட்நாமின் ஓக் ஏவோ எனக் கடல்வழியே பரவிப் பின்னர் நம் தீபகற்பத்துக்கும் வந்தது என்பது பிரான்சிசின் கருத்து.

குலோங் தோம் நமக்குத் தனியே நெருக்கமானது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் உள்ள அவ்விடத்தை ஊரார் மணிக்குன்று என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். மழை பெய்தால் மணி வெளிப்படும் மண். அங்குக் கிடைத்த சிறு உரைகல் ஒன்றில் பழந்தமிழ் எழுத்தில் பெரும்பதன் கல் என்று பொறித்துள்ளது. பெரும்பதன் என்பவருடைய கல் என்று பொருள். பொன்னை உரைத்து மாற்றுக் காணும் ஒரு கைவினைஞர், தம் கருவி பிறர் கருவியோடு கலந்துவிடக் கூடாது என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். அரசரின் மெய்க்கீர்த்தியில் கிடைக்காத ஒரு நெருக்கம் அந்தச் சிறு கல்லில் நமக்குக் கிடைக்கிறது.

ஆனால் இவ்விடத்தில் நாம் கருத்தோடு நிற்க வேண்டும். தமிழெழுத்துக் கல் ஒன்று, தென்னிந்திய மணிகள் பல்லாயிரம். ஆகவே இக்கரையெல்லாம் தமிழர் குடியேற்றம் என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். மணி நடந்து போகும் பொருள். அதைச் செய்தவரும் கொண்டுவந்தவரும் விற்றவரும் அணிந்தவரும் நான்கு வேறு மக்களாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தனர். கண்ணாடியின் வேதியியல் ஆய்வுகள் இப்போது இன்னும் நுட்பமாகப் பேசுகின்றன. ஒரே தோற்றமுடைய மணிகளுள் சில, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய அலுமினா மிகுந்த கண்ணாடியால் ஆனவை. சில, பொட்டாசு மிகுந்த வேறு கண்ணாடியால் ஆனவை. கண்ணாடி ஓரிடத்தில் உருக்கப்பட்டுக் கட்டியாகக் கப்பலேறி, வேறோரிடத்தில் மணியாகியிருக்கவும் கூடும். சொல்லும் நம்மை ஏமாற்றும். தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழு வருகிறது. மணி வணிகர் என்று உடனே பொருள் கொள்ள நா எழும். வணிக்கிராமம் என்பதன் திரிபே அது என்பது அறிஞர் பலர் கொள்கை. உள்ள பெருமையே நமக்குப் போதுமானது. இல்லாத பெருமையை ஏற்றிச் சொன்னால், மாணவர் வளர்ந்து உண்மை அறியும் நாளில் உள்ளதையும் சேர்த்து ஐயுறுவர்.

வீட்டில் கோத்த கை

இனி இரண்டாம் பாதி. கைக்கோவை ஒன்றை வீட்டில் செய்து பார்த்தவர்க்கு இப்பகுதியில் பாதி முன்பே தெரியும்.

முதல் வேலை கோப்பதன்று, பிரிப்பது. கையால் இழுத்த குழலின் பருமன் இழுத்தவர் கையின் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரு பிடி மணியில் இரண்டு மணிகள் ஒத்திருப்பது அரிது. முறத்திலோ தட்டிலோ துணியிலோ பரப்பிப் பெரியது, சிறியது, உடைந்தது, துளை அடைந்தது என்று ஒதுக்க வேண்டும். பிறகு நூல். துளையின் அளவே நூலின் பருமனை முடிவு செய்யும். மெல்லிய நூல் எளிதில் புகும், எளிதில் அறும். ஒற்றை நூலாக விடாமல் இரட்டையாகச் செலுத்துவது அதற்கொரு மாற்று. ஊசி புகாத துளைக்கு நூலின் நுனியில் மெழுகு தேய்த்து முறுக்கி, நுனியையே ஊசியாக்குவர். மெழுகு, நூல் ஈரத்தில் ஊறுவதையும் குறைக்கும். மணியின் விளிம்பு கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும். உலையில் இரண்டாம் முறை சூடேற்றி விளிம்பை மழுக்கியது ஏன் என்பது கோப்பவருக்கே நன்கு விளங்கும். கடைசியில் முடிச்சு. வளையத்தைச் சேர்த்து முடிந்தபின் எஞ்சிய நூலை அடுத்த மணியின் துளைக்குள் இழுத்து மறைத்தால்தான் முடிச்சு அவிழாது, கண்ணுக்கும் தெரியாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்தவர் மணிக்கட்டைச் சுற்றி வரும் கோவைக்குப் பதினாறு சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள மணியானால் நாற்பது வேண்டும். இரண்டு மில்லிமீட்டரானால் எண்பது. மும்மடிக் கோவையானால் இருநூற்று நாற்பது. குழந்தையின் கைக்கு இதில் ஏறத்தாழப் பாதி. இக்கணக்கு விளையாட்டன்று. அகழ்ந்த ஒரு புதைகுழியில் முந்நூறு மணி கிடைத்தது என்று அறிக்கை கூறும்போது நம் மனம் செல்வர் ஒருவரின் புதையலை நினைக்கிறது. கோத்துப் பார்த்தவருக்கோ அது இரு கைகளில் ஒன்றிரண்டு சரங்கள், அவ்வளவே. எண்ணிக்கை எவ்வாறு கிடைக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். அகழ்ந்த மண்ணைச் சலிக்கும் சல்லடையின் கண் அகலமாக இருந்தால் இரண்டு மில்லிமீட்டர் மணி மண்ணோடு நழுவிப்போகும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த அகழாய்வுகளில் எத்தனை மணிகள் அவ்வாறு போயின என்று யாரும் எண்ணவில்லை. மிகச்சிறிய மணிகளே மிகுந்த பொறுமையோடு கோக்கப்பட்டவை. அவையே முதலில் தவறின.

நூல் அழிந்தாலும் அது பட்டும் படாமலும் சில தடங்களை விட்டுச் சென்றுள்ளது. நெடுநாள் அணிந்த கோவையில் மணியும் மணியும் உரசும். துளையைச் சுற்றிய முகம் தேய்ந்து தட்டையாகும், ஓரம் மெருகேறும். துளையின் ஒரு பக்கம் மட்டும் நூல் இழுத்து இழுத்துச் சற்றே அகன்றிருக்கும். அணியாமல் கலத்தில் கிடந்த மணிக்கும் ஒரு தலைமுறை கையில் கிடந்த மணிக்கும் உள்ள வேறுபாட்டை உருப்பெருக்கி காட்டிவிடும். எலும்புக்கூட்டின் முன்கை எலும்பருகே மணிகள் வரிசை குலையாமல் கிடந்தால், எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம் என்பதும் தெரியவரும். அவ்வரிசையைத் தேர்ந்தது உலைக்களத்துக் கைவினைஞர் அல்லர். அவர் செங்காவி மணியை ஒரு கூடையிலும் மஞ்சள் மணியை ஒரு கூடையிலும் அனுப்பினார். மூன்று சிவப்புக்கு ஒரு மஞ்சள் என்று வைத்தது, கடலுக்கு இப்பால் ஒரு வீட்டில் அமர்ந்து கோத்தவர். அணியின் அழகு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதில் பெரும்பங்கு அவருடையது.

இன்னும் கோக்கும் வீடுகள்

மண்ணில் கிடைக்காததை வாழும் வழக்கத்தில் தேடலாம் என்று பாப்பாநாயுடுபேட்டை நமக்குக் கற்றுத்தந்தது. அவ்வாறே கோக்கும் வழக்கத்தையும் தேடினால், நம் பகுதியில் முதலில் செல்ல வேண்டிய இடம் சரவாக்.

சரவாக்கின் உள்நாட்டு மக்களுள் கெலாபிட், காயான், கென்ஞா இனத்தாரிடம் மணி வெறும் அணியன்று, குடும்ப வரலாறு. பழைய மணிகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. லுக்குட் செக்காலா என்னும் மணி முற்காலத்தில் ஓர் அடிமையின் விலைக்கு ஈடாக இருந்தது என்று வாய்மொழி மரபு கூறும். இதில் வெனிசிலிருந்து வந்தவை உண்டு, சீனத்திலிருந்து வந்தவை உண்டு, அவற்றினும் பழைய இந்திய-பசிபிக் மணிகளும் உண்டு. ஐரோப்பிய மணியை அம்மக்கள் கண்ணை மூடி வாங்கிவிடவில்லை. எந்த நிறம், எந்த அளவு, எந்தக் கீற்று என்று பார்த்தே ஏற்றனர். மற்றவற்றை வணிகர் திரும்பக் கொண்டுபோக நேர்ந்தது. வாங்குவோரின் கண்ணுக்கு ஏற்பச் செய்வோரின் உலை மாறியது என்பது மணி வணிக வரலாற்றில் பலமுறை காணப்படும் உண்மை.

காயான், கென்ஞா மக்கள் குழந்தையை முதுகில் சுமக்கும் கூடைக்கு மணியால் பின்னிய முகப்புத் தகடு ஒன்றைத் தைப்பர். ஆண்கள் செதுக்கிய மாதிரிப் பலகையின் மேல் நூல்களைக் கட்டிப் பெண்கள் மணிகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பின்னுவர். முழு மனித உருவம் உயர்குடியினர்க்கே உரியது. பிறர் அதை இட்டுக்கொள்ளலாகாது. கோக்கும் பெண்ணின் விரல், சமூகத்தின் சட்டத்தையும் சேர்த்தே கோத்தது. போர்னியோவின் பல சமூகங்களில், நோயுற்றவர்க்கும் குழந்தைக்கும் உயிர் நிலைபெற வேண்டும் என்று சடங்கின்போது மணிக்கட்டில் நூலில் கோத்த மணியைக் கட்டுவர். லாவாஸ் வட்டாரத்தில் லுன் பாவாங் பெண்கள் இன்று களிமண்ணிலேயே மணி செய்து சுட்டு வண்ணம் தீட்டுகின்றனர். அங்கே மணி செய்யும் கையும் கோக்கும் கையும் ஒன்றாகிவிட்டன.

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களின் நியோன்யா வீடுகளில் வேறொரு வழக்கம். மானெக் என்று அவர்கள் அழைக்கும் மிகச்சிறு ஐரோப்பிய மணிகளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் ஒவ்வொன்றாகத் தைப்பர். காலணி முகப்பும் இடைக்கச்சும் அவ்வாறு உருவாயின. மணமாகப் போகும் பெண்ணின் பொறுமைக்கும் விரல்நுட்பத்துக்கும் அதுவே சான்றிதழ். சிங்கப்பூர்ப் பெரானாக்கான் அருங்காட்சியகத்தில் உள்ள, பினாங்கில் செய்யப்பட்ட மேசைவிரிப்பில் பத்து இலட்சம் அளவில் மணிகள் உள்ளன. அதன் முன் நிற்பவர், கைக்கோவைக்கு எண்பது மணி என்று நாம் போட்ட கணக்கை நினைவுகொள்வது நல்லது.

நம் வீடுகளில் என்ன இருந்தது? இவ்வினாவைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் எழுப்பினால் முதலில் அமைதியே கிடைக்கும். பிறகு யாரேனும் ஒரு மாணவி தம்பியின் கையைச் சொல்வாள். பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் வசம்புத் துண்டுகளைத் துளையிட்டுக் கருமணியும் வெண்மணியும் இடையிட்டுக் கோத்துக் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து தோட்டப்புறங்களுக்கு வந்து நகர வீடுகள் வரை தொடர்கிறது. வசம்புக்குப் பிள்ளை மருந்து என்றும் பேர்சொல்லாதது என்றும் பெயர்கள் உண்டு. இருட்டிய பின் அதன் பெயரைச் சொல்லலாகாது என்ற நம்பிக்கையில் பிறந்த பெயர் அது. கண்ணேறு கழிக்கவே கருமணி என்பர். போர்னியோவின் நீண்டவீட்டில் குழந்தையின் உயிரை நிலைநிறுத்தக் கட்டிய மணியும், பேராக் தோட்டத்தில் பாட்டி கட்டிய கருமணியும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை அல்ல. குழந்தை பிழைக்க வேண்டுமே என்னும் அச்சம் இரண்டு வீட்டுக்கும் பொது. குழந்தை வளர வளர நூலை அறுத்து, மணி சேர்த்து, மீண்டும் கோப்பர். கடைக்குப் போய் வாங்கிய பொருளே ஆயினும் முடிச்சைப் போடுவது வீட்டுக் கைதான்.

சிறு கண்ணாடி மணிக்குப் பேச்சுவழக்கில் பாசி, பாசிமணி என்றே பெயர். தமிழ்நாட்டுத் தெருக்களில் நரிக்குறவர் பெண்கள் அமர்ந்த இடத்திலேயே பாசி கோத்து விற்பதைக் காணலாம். விதைகளையும் நம்மவர் கோத்தனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாலையோரம் உதிர்ந்து கிடக்கும் சிவந்த சாகா விதைகளைச் சிறுவர் பொறுக்கிச் சேர்ப்பர். அதுவே நம் ஆனைக்குன்றிமணி. பொன் நிறுக்கும் எடையாகப் பயன்பட்ட சிறிய குன்றிமணி வேறு. கறுப்புக் கண்ணுடைய அவ்விதை கொடிய நஞ்சுடையது. தோல் துளைபட்டால் நஞ்சு வெளிப்படும் என்பதால் கைவினை வகுப்பில் அதைத் துளையிடவோ கோக்கவோ கொடுக்கலாகாது என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்க.

அருங்காட்சியகத்துச் சரம்

மணிகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் ஜான் மிக்சிக் 1984இல் தொடங்கிய அகழாய்வு 14ஆம் நூற்றாண்டு வாழ்க்கையை வெளிக்கொணர்ந்தது. அங்குக் கிடைத்த கண்ணாடி மணிகளும் வளையல் துண்டுகளும் சீனத் தொடர்பைக் காட்டுகின்றன. இழுத்த மணியின் இடத்தைக் கம்பியில் சுற்றிய மணி பிடித்துக்கொண்டிருந்தது. பின்னர் வெனிசு, அதன்பின் பொகிமியா, நம் காலத்தில் சப்பானும் சீனமும். கோப்பவர் வீடு மாறவில்லை. வந்து சேரும் கூடை மாறியது.

கோலா செலின்சிங் மக்கள் தம் மணியைத் தாமே செய்தனர். ஆனால் அங்கே கோத்தவர் யார்? பெண்களா, முதியவரா, வேலையற்ற மழைநாளில் அனைவருமா? எழுத்துச் சான்று எதுவும் அவரைப் பற்றி இல்லை. பெரும்பதனுக்கு ஒரு கல் இருந்தது, அதில் எழுதப் பெயர் இருந்தது. கோத்தவருக்கு நூல் மட்டுமே இருந்தது. சரவாக்கிலும் மலாக்காவிலும் நம் வீடுகளிலும் இன்று யார் கோக்கிறார் என்பதைக் கொண்டு அன்று பெரும்பாலும் பெண்களே கோத்தனர் என்று கருத இடமுண்டு. கருதலாம் என்னும் அளவில் அதை நிறுத்தி, மாணவர்க்கும் அவ்வளவிலேயே சொல்லுவோம்.

பள்ளிச் சுற்றுலாவாகக் கெடாவின் மெர்போக்கில் உள்ள பூசாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கோ வேறு எந்தத் தொல்பொருள் கூடத்துக்கோ செல்லும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணாடிப் பேழைக்குள் அழகாகக் கோத்து வைத்த பழைய மணிச்சரம் இருக்குமானால், மாணவரை முதலில் மணியைப் பார்க்கச் சொல்லாமல் நூலைப் பார்க்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் புத்தம்புது நைலான் இழையாக இருக்கும். மண்ணில் உதிர்ந்து கிடைத்த மணிகளைப் பணியாளர் ஒருவர் அளவு பார்த்து, நிறம் பார்த்து, நடுவே பெரியதும் ஓரத்தில் சிறியதுமாகத் தம் கண்ணுக்கு நன்றாய்த் தோன்றியபடி கோத்திருப்பார். விளக்க அட்டையில் மணியின் காலம் எழுதியிருக்கும். அவ்வரிசை யாருடையது என்று எழுதியிருக்கிறதா என்று மாணவர்கள் தேடிப் பார்க்கட்டும்.